நாற்காலியை விட்டு எழுந்த குற்றம்

பத்தடி ஏமாற்றிவிட்டாளாம். அவள் கைப்பேசிக்கு வந்த மின்னஞ்சல் அப்படித்தான் சொன்னது. வேலைக்கு விண்ணப்பித்ததற்கு நன்றி, திறன் தேர்வின்போது தேர்வரின் நடத்தையில் நேர்மைக் குறைவு பதிவாகியுள்ளது, ஆகவே தங்கள் வரைபடம் மதிப்பிடப்படவில்லை. அடியில் யாருடைய பெயரும் இல்லை. திரும்பித் திட்டுவதற்குக்கூட ஓர் ஆளை வைக்காமல் அனுப்பியிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சையன்று முன் பெஞ்சுக்காரி தாளைச் சாய்த்து வைத்துக் காட்டியும், கண்ணைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்து தோற்றுப்போனவள் பத்தடி. "காட்டுனா பாத்துத் தொலைக்கறதுக்கு என்னடி? கண்ணா அவிஞ்சு போயிடும்?" என்று அம்மா அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டாள். "தோத்தாலும் அது என்னோட சொந்தத் தோல்வி" என்று பதில் சொன்ன பெண்தான் இவள். அப்படிப்பட்டவளை, முகம் தெரியாத ஒரு கம்ப்யூட்டர் போகிற போக்கில் திருடி என்று எழுதிவைத்துவிட்டது.

பத்தடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அது போர்டு கடையில் கிடைத்தது. ஆஸ்பத்திரி, அலுவலகம், ரயில் நிலையம் என்று எங்கே போனாலும் தலைக்கு மேலே தொங்குமே, இப்படிப் போ, அப்படித் திரும்பு என்று வழிசொல்லும் பலகைகள், அவற்றை வரைந்து தரும் கடை அது. டிசைன் படிப்பை முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். விசித்திரமான தொழில்தான். வழி புரிந்துவிட்டால் பலகையை மறந்துவிடுவார்கள். புரியாவிட்டால்தான், எந்தக் கூறுகெட்டவன் இதைச் செய்தான் என்று கேட்பார்கள்.

சேர்ந்த புதிதில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவசர சிகிச்சைப் பிரிவின் பலகையை வரைந்தாள். மெல்லிய எழுத்து, வெளிர்நீலப் பின்னணி. திரையில் பார்க்கும்போது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. பலகையை மாட்டும் அன்று ஆசையாகப் பார்க்கப் போயிருந்தாள். மனைவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். அந்தப் பலகைக்கு நேர்கீழே வந்து நின்றார். "எமர்ஜென்சி எங்கங்க? யாராச்சும் சொல்லுங்களேன்!" என்று கத்தினார். பத்தடி கையை நீட்டித்தான் வழி காட்ட வேண்டியிருந்தது. பலகை தலைக்கு மேலே அழகாகச் சும்மா தொங்கியது.

கடைக்குத் திரும்பி வந்து எழுத்தைத் தடிமனாக்கினாள், நிறத்தை மாற்றினாள். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, எதிர்ச் சுவர்வரைக்கும் பத்தடி பின்னால் நடந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஓடி வருகிறவன் கண்ணாடி போட்டுக்கொண்டா வருவான்? கண்ணில் வியர்வை இருக்கும், தண்ணீர் இருக்கும். அந்தக் கண்ணுக்கும் தெரிந்தால்தான் அது பலகை. அன்றிலிருந்து அவள் கையில் எந்த வேலையும் அப்படி ஒருமுறை எழுந்து பார்க்காமல் முடிந்ததில்லை. கடைப் பையன்கள் பத்தடி என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. "என்னப் பாக்க வந்த மாப்பிள்ளையையும் பத்தடி தள்ளி நின்னுதாம்மா பாத்தேன். தெளிவா இல்ல" என்று ஒருமுறை சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

முதலாளி வயதாகிக் கடையை மூடிவிட்டு மகளோடு போய்ச் சேர்ந்துகொண்டார். பத்தடி வேலை தேட ஆரம்பித்தாள். அப்போதுதான் ஒரு பெரிய டிசைன் நிறுவனம் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. செய்த வேலைகளின் தொகுப்பை மட்டும் பார்த்து எடுக்க மாட்டோம், திறன் தேர்வு வைப்போம் என்று போட்டிருந்தார்கள்.

அதைப் படித்தபோது அவளுக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. காரணம் இருக்கிறது. கடையில் ஒருதரம், பளபளவென்று ஒரு தொகுப்பைக் கொண்டுவந்து காட்டிய ஒருவரை முதலாளி வாயைப் பிளந்துகொண்டு சேர்த்துக்கொண்டார். ஓர் அம்புக்குறியை இடப்பக்கம் நகர்த்தித் தரச் சொன்னால் அந்த மனிதர் எப்படி என்று பக்கத்தில் கேட்டார். தொகுப்பில் இருந்ததெல்லாம் பழைய அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் செய்தது என்று பிறகுதான் வெளியே வந்தது. அவர் போட்ட ஓட்டையை எல்லாம் அடைத்தவள் பத்தடி. ஆகவே, செய்து காட்டு என்று கேட்பது அவளுக்கு அவமானமாகப் படவில்லை. நியாயம் என்றால் இதுதான் என்று தோன்றியது.

தம்பி கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறான். அவனுடைய லேப்டாப்பை வாங்கி, வீட்டு மேசையில் வைத்துக்கொண்டாள். வீடு என்றால் ஓர் அறை. மூலையில் அடுப்பு. ஒரு கட்டில், ஓர் அலமாரி. வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். கதவுக்கு வெளியே எல்லா வீடுகளுக்கும் பொதுவான நடைபாதை. மேசை உட்சுவரோடு ஒட்டிக் கிடந்ததால், உட்கார்ந்தால் கதவும் ஜன்னலும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

தேர்வு தொடங்கும் முன் விதிமுறைகள் வந்தன. வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து, எறும்பு அளவுக்கு.

"இதையும் ஏதோ ஒரு டிசைனர்தான்டா செஞ்சிருக்கான். மனசாட்சி இருக்கா பாரு" என்றாள் தம்பியிடம்.

"படிக்கறதுக்காக்கா வெச்சிருக்காங்க? சம்மதம்னு அமுக்கு. எல்லாரும் அமுக்கறதுதான்."

அமுக்கினாள். கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது.

ஒரு பேருந்து நிலையத்துக்கு வழிகாட்டிப் பலகை வரைய வேண்டும். பெட்டி படுக்கையோடு வருகிறவனுக்குச் சீட்டு வாங்கும் இடம், கழிப்பறை, வெளியே போகும் வழி மூன்றும் குழப்பமில்லாமல் தெரிய வேண்டும். அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. மளமளவென்று போட்டாள். பழக்கம் விடுமா? எழுந்தாள். பின்னால் நகர்ந்தால் கட்டில் முட்டியது. கதவைத் திறந்து நடைபாதைக்குப் போய், எதிர்வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஜன்னல் கம்பி வழியாகக் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். அம்பு எழுத்தோடு ஒட்டிக்கொண்டு தெரிந்தது. உள்ளே வந்து விலக்கினாள். மறுபடி வெளியே போனாள். மறுபடி உள்ளே வந்தாள். நடுவில் அம்மா ஈரத் துணியோடு குறுக்கே போனாள். முடித்துக் கொடுத்தபோது, இதுவரை செய்ததிலேயே நல்ல பலகை என்று அவளுக்கே பட்டது.

அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது.

தம்பிதான் முதலில் கண்டுபிடித்தான். "அக்கா, நீ எழுந்து எழுந்து வெளிய போனல்ல, அதான் வினையாயிடுச்சு."

"எழுந்தா திருட்டாடா?"

"கேமராவுக்கு என்ன தெரியும்? ஆளக் காணோம்னா யாரையோ கேட்டுட்டு வரான்னு கணக்கு. போதாததுக்கு அம்மா வேற குறுக்க போனாங்க. ரெண்டாவது ஆள்."

"நான் யாரக் கேக்கறது? வெளிய இருந்தது எதிர்வீட்டுச் செருப்பு மட்டும்தான். அதுக்கு வழி தெரியும்னா என்னை எதுக்கு வேலைக்கு எடுக்கறாங்க?"

துணி பிழிந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. "பெரிய வீடா இருந்திருந்தா உள்ளயே நடந்திருப்ப. படத்துக்குள்ளயே இருந்திருப்ப. நல்லவளாவும் இருந்திருப்ப" என்றாள்.

அந்தச் சொல் பத்தடியின் நெஞ்சில் போய்க் குத்தி நின்றது. உண்மைதானே? விசாலமான அறையில் உட்கார்ந்து எழுதியவன் எத்தனை தடவை பின்னால் நடந்தாலும் கேமராவுக்குள்ளேயே இருப்பான். அவனுடைய நேர்மைக்கு அவன் வீட்டுச் சுவர் சாட்சி சொல்லும். இவளுக்குச் சாட்சி சொல்ல வீட்டில் இடம் போதவில்லை, அவ்வளவுதான் குற்றம்.

போனால் போகிறது என்று வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். பெயரையும் மின்னஞ்சலையும் போட்டுப் பொத்தானை அமுக்கிய சூட்டோடு பதில் வந்துவிட்டது. தேர்வு நடத்தித் தர அவர்களும் அதே தேர்வுக் கம்பெனியைத்தான் வைத்திருந்தார்களாம். முன்பே பதிவான நேர்மைக் குறிப்பின் காரணமாகத் தேர்வுக்கே அனுமதி இல்லையாம். அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாக விளங்கியது. போனது ஒரு வேலை இல்லை. திருடி என்ற பெயர் அவளுக்கு முன்னால் ஓடிப்போய் ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. ஊர்ப் பழி என்றால் வேறு ஊருக்காவது போகலாம். இதற்கு எங்கே போவது?

முதல் நிறுவனத்துக்கு போன் போட்டாள். நெடுநேரம் பாட்டுப் பாடிவிட்டு ஒரு பெண் குரல் வந்தது. "சிஸ்டம் அப்படித்தான் சொல்லுது மேடம்."

"சிஸ்டம்னா யாருங்க? அவர்கிட்ட குடுங்க, நான் பேசறேன்."

போன் வைக்கப்பட்டது.

மறுநாள் காலை தலையை வாரிக்கொண்டு நேரே கிளம்பிவிட்டாள். "சண்டை போடப் போறியா?" என்றாள் அம்மா. "தெரியல. போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள்.

கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு கட்டடம். உள்ளே போனால் அந்த நிறுவனத்தின் கதவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பெயர்ப்பலகை இருந்தது, பளிங்குச் சுவரில் பளிங்கு நிறத்திலேயே எழுத்து. காவலாளி எழுந்து வந்து கையை நீட்டி வழி காட்டினார். "எல்லாரும் என்னத்தாம்மா கேப்பாங்க. நான் லீவு போட்டா ஆபீசே இல்ல" என்றார். அந்த ஆஸ்பத்திரியும், பலகைக்குக் கீழே நின்று கத்திய மனிதரும் பத்தடிக்கு ஞாபகம் வந்தார்கள். கோபத்தோடு கோபமாகக் கொஞ்சம் தைரியமும் வந்தது.

ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவள் இவளைவிடச் சின்னவள். எச்.ஆர். என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நாங்க யாரையும் குத்தம் சொல்லல மேடம். ப்ராசஸ் அது."

"திருடின்னு எழுதி அனுப்பிட்டு குத்தம் சொல்லலங்கறீங்களே. நான் என்ன திருடினேன்? யார்கிட்ட இருந்து? கையும் களவுமா புடிச்சீங்களா?"

"திருடின்னு போடல மேடம். நேர்மைக் குறைவுன்னுதான்..."

"குறைவா? எவ்வளவு குறைவு? கால் கிலோவா, அரைக் கிலோவா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேநீர்க் கோப்பையோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் சத்தம் கேட்டு உள்ளே தலையை நீட்டினார். நரைத்த தாடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. அங்கே தலைமை டிசைனர் அவர்தான். சீஃப் என்றார்கள்.

"என்ன பிரச்சினை?"

எச்.ஆர். வாயைத் திறப்பதற்குள் பத்தடி முந்திக்கொண்டாள். "சார், அதே டெஸ்ட்ட இங்கயே குடுங்க. உங்க கண்ணு முன்னாடி செய்யறேன். நம்பிக்கை இல்லன்னா நாற்காலியோட சேத்துக் கட்டிப்போடுங்க."

சீஃப் கடிகாரத்தைப் பார்த்தார். இவளையும் பார்த்தார். என்ன தோன்றியதோ, கோப்பையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "சரி, செய்யுங்க."

எச்.ஆர். முணுமுணுத்துக்கொண்டே ஒரு லேப்டாப்பைத் திறந்து அதே பேருந்து நிலையத்தைக் கொடுத்தாள். பத்தடி வரைந்தாள். கை தன்பாட்டுக்கு ஓடியது. ஆனால் எழுந்து பார்க்க வேண்டிய கட்டம் வந்ததும் கால் துடித்தது. இடது கையால் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். எழவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கோலி அடிப்பதுபோல இருந்தது. முடித்து, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"இவ்வளவுதான் சார். எழுந்து பாக்காம செஞ்சது. எனக்கே திருப்தியில்ல."

சீஃப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பின்னாலேயே நடந்து போய், கண்ணாடிச் சுவரில் முதுகு இடித்ததும் நின்றார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டார்.

"எழுத்து நல்லா இருக்கு. அந்த ரெண்டாவது அம்பு மட்டும் கொஞ்சம்..."

"சார்."

"என்னம்மா?"

"நீங்க சீட்ட விட்டு எழுந்துட்டீங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. தன் காலைப் பார்த்தார், காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். எச்.ஆர். தன்னுடைய திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"நான் செஞ்சதும் இதுதான் சார். எங்க வீட்டுல இவ்வளவு இடம் இல்ல. அதனால வாசலுக்குப் போய்ப் பாத்தேன். அதுக்குத்தான் இந்தத் திருட்டுப் பேரு."

சீஃப் சுவரைவிட்டு நகராமலே கேட்டார். "இவங்க டெஸ்ட் வீடியோவ யார் பாத்தது?"

"யாரும் பாக்க மாட்டாங்க சார்" என்றாள் எச்.ஆர். "மெஷின் குறி போட்டுட்டா அது அப்படியே கழிஞ்சு போயிடும். பாக்கற வேலை மிச்சம்னுதானே வாங்கினோம்."

"போடுங்க."

பெரிய திரையில் பத்தடியின் வீடு வந்தது. அலமாரிக் கதவில் தொங்கிய துண்டு, கழுவாத குண்டான், சுவரில் ஈரம் ஏறிய இடம். யார் யாரோ உட்கார்ந்து பேசும் அறையில் தன் வீடு சுவர் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா ஈரத் துணியோடு குறுக்கே போனாள். நாற்காலி காலியாகக் கிடந்தது. பிறகு, பின்னால் ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால், கசப்பு மருந்து குடித்தவள்போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு பத்தடி நின்றாள். உள்ளே வந்தாள். எதையோ நகர்த்தினாள். வெளியே போனாள். மறுபடி அதே முகம்.

பார்த்தால் யாருக்கும் புரிந்திருக்கும். பார்க்கத்தான் ஆள் இல்லை. தேர்வு வைத்ததில் தப்பே கிடையாது. ஒருத்தியைச் செய்து காட்டச் சொல்லிவிட்டு, அவள் செய்து காட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்களே, அதுதான் நேர்மைக் குறைவு. அதற்குக் குறி போட எந்த மெஷினும் இல்லை.

"நாளைக்கே வந்து சேருங்க" என்றார் சீஃப். குரல் தாழ்ந்திருந்தது. "எச்.ஆர்., ஆர்டர் அடிங்க."

"அந்தக் குறி?" என்றாள் பத்தடி.

"வேலைதான் கிடைச்சிடுச்சே மேடம்."

"நான் வேலைக்கு மட்டும் வரல. அதை எப்படி அழிக்கறது?"

எச்.ஆர். தேடினாள். தேர்வுக் கம்பெனிப் பக்கத்தின் அடியில், அதே சாம்பல் எழுத்தில், ஒரு பொத்தான் இருந்தது. ஒரு மனிதர் பார்த்துச் சரி சொன்னால் குறி நீங்கிவிடும். எச்.ஆர். அதை அமுக்கினாள். பத்தடியின் பெயருக்கு எதிரே இருந்த சிவப்புப் புள்ளி, இருந்த சுவடு தெரியாமல் மறைந்தது.

"ஒரு பொத்தானா?" என்றாள் பத்தடி. "இத்தனை நாளா ஒரு பொத்தானா? ஒருதரம்கூட யாரும் இதை அமுக்கலையா?"

"யாரும் கேட்டதில்ல மேடம்."

"கேக்கறதுக்கு நீங்க ஆள் வெச்சாத்தானே கேப்பாங்க! போன் பண்ணா பாட்டுப் போடறீங்க."

எச்.ஆரின் முகம் சிவந்தது. அச்சடித்த வேலை உத்தரவைக் கொண்டுவந்து பேனாவோடு முன்னால் வைத்தாள். பத்தடி பேனாவை எடுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயருக்கு மேலேயும் கீழேயும் சிவப்புப் புள்ளிகள் அம்மை போட்டதுபோல நிறைந்து கிடந்தன.

"இவங்கல்லாம்?"

"அவங்களும் அப்படித்தான். குறி விழுந்தவங்க."

"போடுங்க, பாக்கலாம்."

"எல்லாரையுமா? நிஜமாவே காப்பி அடிச்சவங்களும் இதுல இருப்பாங்க மேடம்."

"இருக்கட்டும். பாத்துட்டுச் சொல்லுங்க அவங்களத் திருடன்னு. பாக்காமச் சொல்லாதீங்க. இதுல இருக்கறவங்க எல்லாருக்கும் இங்க வந்து கத்தற அளவுக்குத் தொண்டை இருக்குமா?" என்றவள் சீஃப் பக்கம் திரும்பினாள். "இவங்களப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். நீங்க எடுக்காட்டியும் பரவாயில்ல."

சொல்லிவிட்டு அவளுக்கே பயமாக இருந்தது. தம்பி கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வான். கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டவிடாமல் தானே தட்டிவிடுகிறோமோ என்று தோன்றியது. ஆனாலும் பேனாவைத் தொடவில்லை. சீஃப் ஆறிப்போன தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒருவன் மடியில் கைப்பேசியை வைத்து யாருக்கோ படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். "இது நிஜம்" என்றாள் எச்.ஆர். யாரும் மறுக்கவில்லை. ஒரு பெண்ணின் முந்தானையைக் குழந்தை பிடித்து இழுத்தது, அவள் திரும்பித் திரும்பி அதைச் சமாதானம் செய்துகொண்டே வரைந்தாள். இன்னொருவருக்கு உதடு அசைந்துகொண்டே இருந்தது. பேசுகிறார் என்று மெஷின் குறித்திருந்தது. பலகையில் போட்ட எழுத்தைத்தான் அவர் தனக்குள் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எச்.ஆர். பொத்தானை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்து ஓர் அறை வந்தது. பத்தடியின் அறையைவிடவும் குறுகல். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போக முடியும். நடுத்தர வயதுள்ள ஒரு மனிதர் வரைந்துகொண்டிருந்தார். கையை எடுத்தார். எழுந்தார். பின்னால் போக இடமில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கட்டில்மேல் ஏறினார். கூரை தலையில் இடிக்க, சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டு, கண்ணைப் பாதி மூடினார்.

"நிறுத்துங்க" என்றாள் பத்தடி.

படம் நின்றது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அந்த மனிதர் கட்டில்மேல் அசையாமல் நின்றார்.

"இவருக்கு போன் போடுங்க" என்றார் சீஃப்.

"என்னன்னு சொல்றது?" என்றாள் எச்.ஆர். அவள் குரலில் முதல்முறையாகத் தடுமாற்றம் இருந்தது. எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அலுத்துப்போன ஒரு குரல் "யாருங்க?" என்றது. எச்.ஆர். கைப்பேசியைப் பத்தடியிடம் நீட்டினாள்.

"அண்ணே, நீங்க ஒரு டெஸ்ட் எழுதுனீங்கல்ல, பஸ் ஸ்டாண்டு போர்டு" என்றாள் பத்தடி. "கட்டில் மேல ஏறிப் பாத்தீங்களே. அங்கிருந்து அம்பு சரியாத் தெரிஞ்சுதா?"

மெதுவாகப் பதில் வந்தது.

"கொஞ்சம் சின்னதா இருந்துச்சும்மா. இறங்கி மாத்தறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுச்சு."